யானை ‘இல்லை’ என்று எழுதுமுன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்றைய பொருளை ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம். ஓர் உயிரினம் ஓரிடத்தில் உண்டா, இல்லையா? உண்டு என்றால் 1 என்று எழுதுகிறோம். இல்லை என்றால் 0. அந்த 1, 0 பட்டியலையும் இடங்களின் தன்மைகளையும் சேர்த்து வைத்து, எங்கே அந்த உயிரினம் இருப்பதற்கு எவ்வளவு நிகழ்தகவு என்று கணிக்கும் முறைக்கு இடஞ்சார் லொஜிஸ்டிக் பிற்செலவு என்று பெயர். அறுகம்பேயில் நின்று பேசும்போது இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. மேற்கே லகுகலைப் பூங்கா, தெற்கே குமணப் பூங்கா. இரண்டுக்கும் நடுவே வயல், வீதி, ஊர், ஹோட்டல். இத்தனைக்கும் ஊடாக யானை நடக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். 1 என்பதற்குச் சாட்சி தரையிலேயே கிடக்கும். காலடியோ, லத்தியோ, முறிந்த வாழையோ போதும். 0 என்பதற்கு அப்படிச் சாட்சி கிடையாது. ஆகவே ஒரு 0-வை நம்புமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உண்மையிலேயே பார்த்தோமா? அயலில் என்ன இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தோமா? ‘ஏன் இல்லை’ என்பதைப் பிரித்தறியக்கூடிய இடத்தில் பார்த்தோமா? நல்ல புள்ளிவிபர மாதிரியுரு என்பது இந்த மூன்று கேள்விகளையும் கணிதமாக எழுதிய ஒன்றே.

நாடு முழுவதற்கும் ஒரு வரைபடம்

இலங்கையில் யானை எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை நாடளாவிய அளவில் முதன்முதலாக முறைப்படி வரைந்தவர்கள் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும். அந்த ஆய்வு 2021இல் ‘ஒறிக்ஸ்’ இதழில் அச்சானது. நாட்டை 25 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, அங்கங்கே வாழும் மக்களிடமே கேட்டுத் தகவல் திரட்டினார்கள். நாட்டின் நிலப்பரப்பில் 59.9 சதவீதத்தில் யானை உண்டு என்று தெரிந்தது. அதைவிட முக்கியமான எண் இன்னொன்று. யானை வாழும் அந்தப் பரப்பில் 69.4 சதவீதத்தில் மனிதரும் வாழ்கிறார்கள். ‘யானைக்குக் காடு, மனிதருக்கு ஊர்’ என்று பாடப்புத்தகத்தில் படித்த பிரிவினை தரையில் இல்லை என்பதை அந்த ஓர் எண் காட்டிவிட்டது.

ஆனால் 25 சதுர கிலோமீற்றர் என்பது எவ்வளவு பெரியது என்று நம்மூர் அளவில் பாருங்கள். லகுகலை–கித்துலான தேசியப் பூங்கா 1980இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 1,554 ஹெக்டேயர், அதாவது 15.54 சதுர கிலோமீற்றர். அந்தப் பூங்கா முழுவதும் பரப்பளவில் ஒரு கட்டத்தைவிடச் சிறியது. நாட்டுக்குக் கொள்கை வகுக்க அந்த வரைபடம் சிறந்தது. ஒரு வயல் வட்டைக்கு எந்தப் பக்கம் மின்வேலி போடுவது என்று முடிவெடுக்க அது போதாது. கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கியதும் புதிய சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதற் சிக்கல் கேள்வி கேட்கும் இடத்திலேயே இருக்கிறது. காவல் பரணில் இருக்கும் ஒருவரிடம் மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “காக்கா, இந்தப் பக்கம் ஆனை வருமா?” பதில் இப்படி வரலாம்: “போன வெள்ளாமைக்குள்ள ரெண்டு மூணு தரம் வந்த. இப்ப இல்ல.” பக்கத்துப் பரணில் இருப்பவர், “நான் கண்ணால காணல்ல, ஆனா வரம்புல லத்தி கிடந்த” என்பார். இந்த இரண்டு பதில்களுக்கும் 1 போடுவதா, 0 போடுவதா? பெரும்போகமா சிறுபோகமா, கண்டதா தடயமா என்று தனித்தனிப் பத்திகளில் எழுதாமல் ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. வரட்சிக் காலத்தில் லகுகலைக் குளத்தின் நெடும்புல்லுக்காக யானைகள் கூடும், மழை விழுந்ததும் கலைந்து போகும். ஓகஸ்ட் மாதத்து 1-உம் டிசம்பர் மாதத்து 1-உம் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

வளைகோட்டின் கணக்கு

இனி லொஜிஸ்டிக் என்ற பகுதிக்கு வருவோம். நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் இடையில் நிற்க வேண்டிய எண். சாதாரண நேர்கோட்டைப் பொருத்தினால் அது 1-ஐத் தாண்டியும் போகும், 0-க்குக் கீழேயும் இறங்கும். அதனால் நிகழ்தகவை நேரடியாக எடுக்காமல், ‘உண்டு’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுக்கிறோம். இந்த S வடிவ வளைகோட்டை 19ஆம் நூற்றாண்டில் மக்கட்தொகைப் பெருக்கத்துக்காக எழுதியவர் பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட். 1944இல் ஜோசப் பேர்க்சன் ‘லொஜிட்’ என்ற பெயரைத் தந்தார். 1958இல் டேவிட் கொக்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஆம்–இல்லை தரவுகளுக்கு இதுவே பொது வழியானது.

ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. குளத்தங்கரையில் யானை இருக்க 0.8 நிகழ்தகவு. அப்போது உண்டு–இல்லை விகிதம் 4. குளத்திலிருந்து தூரத்துக்கான குணகம் −0.69 என்று மாதிரியுரு தந்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த விகிதம் பாதியாகும். ஒரு கிலோமீற்றரில் 2, இரண்டில் 1, மூன்றில் 0.5, நான்கில் 0.25. நிகழ்தகவாகப் பார்த்தால் 0.8, 0.67, 0.5, 0.33, 0.2. ஒரே குணகம்தான், ஆனால் நிகழ்தகவு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரே அளவாகக் குறையவில்லை. ‘ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு சதவீதம் குறையும்’ என்று அறிக்கையில் ஒரே வரியில் எழுதுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அயல் தரும் பொய்த் தெம்பு

மூன்று கேள்விகளில் இரண்டாவதான அயலை முதலில் எடுப்போம். மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் விடையும் மற்றவற்றைச் சாராதது என்பதே அந்த நிபந்தனை. யானைக் கூட்டம் அந்த நிபந்தனையை மதிப்பதில்லை. ஒரு கட்டத்தில் யானை இருந்தால் அடுத்த கட்டத்திலும் இருக்கவே வாய்ப்பு அதிகம். நாம் அளக்காத ஏதோ ஒன்று, ஒரு பழைய யானைப்பாதையோ, மறைவான நீரூற்றோ, அயற் கட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக இழுக்கிறது. இதையே இடஞ்சார் தன்னிணைபு என்கிறோம்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன நட்டம்? பொத்துவிலிலிருந்து பாணமை வரை வீதியோரமாக வரிசையாக 200 இடங்களைப் பார்க்கிறோம் என்று கொள்வோம். அடுத்தடுத்த இடங்களுக்கிடையே இணைபுக் குணகம் 0.6 என்றும், தூரம் கூடக் கூட அது அதே வீதத்தில் தேய்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சராசரியைக் கணிப்பதில் அந்த 200 பார்வைகளின் பெறுமதி 200ஐ 0.4ஆல் பெருக்கி 1.6ஆல் வகுத்ததற்கு, அதாவது 50 தனிப் பார்வைகளுக்குத்தான் சமம். நியம வழு இரண்டு மடங்காகும். மென்பொருளோ 200 என்றே நம்பிக் கணக்குப் போடும். இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டும். ‘வீதியால் பாதிப்பு உண்டு, முடிவு உறுதியானது’ என்று அச்சிடும். ஒரே செய்தியை நாலு வாயால் கேட்டுவிட்டு நாலு சாட்சி என்று எண்ணும் மத்தியஸ்தரின் நிலை அது.

வழி என்ன? முதலில் சாதாரண லொஜிஸ்டிக் பிற்செலவையே பொருத்துங்கள். வரும் எச்சங்களை, அதாவது கண்டதற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை, வரைபடத்தில் போடுங்கள். 1950இல் மொரான் தந்த சுட்டியைக் கணியுங்கள். எச்சங்கள் சிதறிக் கிடந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல் என்று திரண்டு நின்றால், இடம் இன்னும் ஏதோ சொல்கிறது என்று பொருள்.

அதை மாதிரியுருவுக்குள் கொண்டுவர இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, அயற் கட்டங்களில் எத்தனை 1 இருக்கிறது என்பதையே ஒரு காரணியாகச் சேர்ப்பது. 1970களின் தொடக்கத்தில் ஜூலியன் பெசாக் வகுத்த இம்முறையை, 1996இல் அகஸ்டின், மகிள்ஸ்டன், பக்லன்ட் ஆகியோர் ஸ்கொட்லாந்தின் செம்மான்களுக்குப் பயன்படுத்தினார்கள். எளிமையான பாதை, ஆனால் அயலின் விடை நம் காரணிகளின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும் அபாயம் உண்டு.

மற்றது, ஒவ்வோர் இடத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைபங்கைச் சேர்ப்பது. விகிதத்தின் மடக்கை என்பது ஒரு மாறிலி, காரணிகளின் பங்கு, அவ்விடத்தின் மறைபங்கு ஆகிய மூன்றின் கூட்டு. மறைபங்குகள் தூரத்தால் பிணைந்தவை. கிட்ட இருப்பவை ஒத்தும், எட்ட இருப்பவை தனித்தும் நிற்கும். அந்தப் பிணைப்பு எவ்வளவு வலியது, எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைத் தரவே சொல்ல வேண்டும். 1998இல் டிகிள், டோன், மொயீட் மூவரும் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கணிப்புக்கே நெடுநேரம் பிடித்தது. 2009இல் ரூ, மார்ட்டினோ, சொப்பின் வெளியிட்ட ‘இன்லா’ முறையும், 2011இல் லின்ட்கிரென் குழுவினர் காட்டிய முக்கோண வலைமுறையும் வந்தபின், ‘ஆர்’ மென்பொருளில் ஒரு பல்கலைக்கழக மாணவரே மடிக்கணினியில் செய்துவிடலாம்.

இங்கே மாணவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். பிணைப்பின் வீச்சு உங்கள் ஆய்வுப் பரப்பையே தாண்டி வந்தால், மறைபங்கு உங்கள் காரணிகளின் வேலையைத் திருடுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஓர் இடத்துக்கு ஒரேயொரு 0 அல்லது 1 மட்டும் இருந்தால் இடத்தின் தனிக்குணத்தையும் தற்செயலையும் பிரிக்க முடியாது, மீண்டும் சென்று பார்க்கவே வேண்டும். மூன்றாவது, தூரம் என்றால் எந்தத் தூரம் என்று யோசியுங்கள். அறுகம்பேக் களப்பின் இரு கரைகளும் வரைபடத்தில் கிட்டத்தான். நிலத்தில் மட்டும் வாழும் சிற்றுயிருக்கு அவை வெவ்வேறு நாடுகள். யானைக்கு அப்படியல்ல, சேனாநாயக்க சமுத்திரத்தில் தீவு விட்டுத் தீவுக்கு நீந்திப் போகும் விலங்கு அது. நீர்நிலையைத் தடையாகக் கொள்ளும் மாதிரியுருக்களை 2019இல் பக்கா என்பவரும் உடனாய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். தடை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த உயிரினத்தை அறிந்தவர். மென்பொருளுக்கு அது தெரியாது.

பார்க்காத இடத்தின் பூச்சியம்

இனி முதற் கேள்வி: பார்த்தோமா? 1985 முதல் 2003 வரை குமணப் பூங்கா போரினால் மூடிக் கிடந்தது. அந்தக் காலத்துக்கான பார்வைப் பதிவுகளைத் தேடினால் வெறுமைதான் கிடைக்கும். அந்த வெறுமையை 0 என்று பதிந்தால், 356 சதுர கிலோமீற்றர் காட்டிலிருந்து யானையும் சிறுத்தையும் பறவையும் ஒரே நாளில் மறைந்து ஒரே நாளில் திரும்பி வந்ததாக மாதிரியுரு சொல்லும். மறைந்து போனவர்கள் பதிவு எழுதியவர்கள்.

திறந்திருக்கும் இடத்திலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. யானை இருக்கும் ஒரு கட்டத்துக்குப் போனால், ஒரு தடவையில் தடயம் கிடைக்க 0.4 நிகழ்தகவு என்று கொள்வோம். மூன்று தடவையும் தவறவிட நிகழ்தகவு 0.6 இன் மும்மடிப் பெருக்கம், அதாவது 0.216. யானை இருக்கும் ஐந்து கட்டங்களில் ஒன்றுக்கு மேல் பொய்ப் பூச்சியம். போகுமுன் ‘பாதிக்குப் பாதி’ என்று நினைத்திருந்தால், மூன்று வெறும் பயணங்களுக்குப் பிறகும் அங்கே யானை இருக்க ஏறக்குறைய 18 சதவீத நிகழ்தகவு மிஞ்சுகிறது.

இருத்தலையும் காணுதலையும் தனித்தனி லொஜிஸ்டிக் சமன்பாடுகளாக எழுதி ஒன்றாகப் பொருத்தும் முறையை 2002இல் மெக்கென்சி குழுவினர் தந்தார்கள். தென்னிந்தியாவில் உல்லாஸ் கரந்த் முதலானோர் மேற்குத் தொடர்ச்சி மலையில் புலித் தடயங்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ஒரே பாதையில் நடக்கும்போது அடுத்தடுத்த கிலோமீற்றர்களில் கிடைக்கும் தடயங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. புலியும் அதே பாதையில்தான் நடக்கிறது. அந்தச் சார்பையும் 2010இல் அவர்கள் மாதிரியுருவில் சேர்த்தார்கள். 2011இல் வெளியான கணிப்பின்படி 21,167 சதுர கிலோமீற்றர் வாழிடத்தில் புலி இருந்த பரப்பு 14,076 சதுர கிலோமீற்றர், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கண்டதை மட்டும் எண்ணியிருந்தால் இதைவிடக் குறைந்த பரப்பே கிடைத்திருக்கும்.

வரிவரியான கரை

மூன்றாவது கேள்வி நம் கரைக்கே உரியது. கல்முனையிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். கடல், மணல், ஊர், பிரதான வீதி, வயல் வட்டை, அதற்கப்பால் குடியேற்றங்களும் காடும். சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எங்கும் இதே வரிசை. எல்லாமே கடலுக்குச் சமாந்தரமான வரிகள். கடலிலிருந்து தூரம் கூடும்போது சனநெருக்கம் குறைகிறது, வீதி விலகுகிறது, காடு நெருங்குகிறது. எல்லாம் ஒன்றாக மாறினால் யானை ஏன் கரைக்கு வரவில்லை என்பதற்கு எந்தக் காரணியைப் பிடிப்பது? இடஞ்சார் மறைபங்கும் அதே திசையில் மாறினால் குழப்பம் இரட்டிக்கும். 2010இல் ஹொட்ஜஸ், ரைக் இருவரும் இந்தக் குழப்பத்தைத்தான் விளக்கினார்கள். போதாக்குறைக்கு, நெருக்கமான ஊர்க் கட்டங்களில் எல்லாமே 0. ஒரு காரணி 0-க்களையும் 1-களையும் முழுமையாகப் பிரித்துவிட்டால் அதன் குணகம் முடிவிலியை நோக்கி ஓடும். 1993இல் ஃபேர்த் தந்த திருத்தமோ, பேய்சிய முறையில் மிதமான முன்னறிவோ இல்லாமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

இந்த முடிச்சு அவிழும் இடம் அறுகம்பே. இதற்குத் தெற்கே வரிசை குலைகிறது. பாணமைக்கு அப்பால், உகந்தை முருகன் கோயிலைத் தாண்டி, காடு கடலைத் தொடுகிறது. கடலுக்குக் கிட்ட, ஆனால் சனம் குறைவு. அங்கே யானை கடற்கரை மணலிலேயே நடக்கிறது. கடல் காரணமல்ல, ஊர்தான் காரணம் என்று அந்த ஒரு பகுதியின் 1-கள் சொல்லிவிடும். ஆகவே கல்முனைக் கரையில் இன்னும் நூறு கட்டங்களைச் சேர்ப்பதைவிட, பொத்துவில் முதல் உகந்தை வரை இருபது கட்டங்களைச் சரியாகப் பார்ப்பது மாதிரியுருவுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். தரவின் எண்ணிக்கையைவிடத் தரவின் வேறுபாடு பெரிது.

காடு இருந்தால் யானை, ஊர் இருந்தால் இல்லை என்று அதோடு முடித்துவிடவும் முடியாது. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேடு உலகச் செய்தியானது. சுற்றியிருக்கும் ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. யானைகளைத் தடுத்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது, அது பழுதுபார்க்கப்படவில்லை. யானைகள் உள்ளே வந்து உணவோடு பிளாஸ்ரிக்கையும் உண்டன. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. குளத்துக்குத் தூரம், காட்டுக்குத் தூரம் என்று எழுதிவிட்டு, குப்பைமேட்டுக்குத் தூரத்தை மறந்தால் அந்த இடத்தில் எச்சம் திரண்டு நிற்கும். இடஞ்சார் மறைபங்கு அதை மூடி மறைக்க உதவும், ஆனால் காரணத்தைச் சொல்லாது. மறைபங்கின் வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

எதற்காக இத்தனை கணக்கு?

2019இல் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். வேலி எங்கே போடுவது என்பது உயிர் பற்றிய முடிவு. இரு பக்கமும் யானை இருக்கும் இடத்தில், திணைக்களங்களின் எல்லைக்கோட்டோடு போட்ட வேலிகள் யாரையும் காப்பாற்றவில்லை. 2020இல் தயாரான தேசிய செயற்திட்டம் ஊரைச் சுற்றியும், போகத்துக்கு மட்டும் வயலைச் சுற்றியும் வேலி போடச் சொன்னது. அந்த முடிவுக்கு வேண்டியது இடமும் காலமும் சேர்ந்த, பிழையளவும் சொல்லும் வரைபடம்.

அந்த வரைபடத்தைச் சோதிக்கும் முறையிலும் நேர்மை வேண்டும். கட்டங்களைக் கண்டபடி பொறுக்கி மறைத்துவிட்டுச் சோதித்தால், அயற் கட்டமே விடையைச் சொல்லிக் கொடுக்கும். மாதிரியுரு கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஒரு வட்டையை முழுவதுமாக மறைத்து, மற்ற வட்டைகளை வைத்து அதைக் கணிக்கச் சொல்லுங்கள். அதில் தேறினால் மட்டுமே வேலிக்குப் பயன்படுத்துங்கள். 0.5க்கு மேல் என்றால் உண்டு, கீழே என்றால் இல்லை என்ற வழக்கத்தையும் விடுங்கள். யானை வரும் இடத்தை வராது என்று சொல்வதன் விலையும், வராத இடத்தை வரும் என்று சொல்வதன் விலையும் ஒன்றல்ல. வெட்டுப்புள்ளியை அந்த விலைகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அந்த மேசையில் புள்ளிவிபரவியலாளரோடு விவசாயியும் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரும் இருக்க வேண்டும்.

நிறைவாக, இந்த அவையிலுள்ள வயற்காரருக்கும் மீனவருக்கும், சுற்றுலா வழிகாட்டும் இளைஞருக்கும், ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் படிக்கும் மாணவருக்கும் என் வேண்டுகோள். யானையைக் கண்ட நாளை எல்லோரும் சொல்கிறீர்கள். காணாத நாளையும் எழுதி வையுங்கள். திகதி, இடம், பார்த்தவர், பார்த்த நேரம், எந்தப் போகம் என்ற ஐந்து பத்திகள் கொண்ட ஒரு கொப்பி போதும். அந்தக் கொப்பிகள் வந்து சேருமானால், கணக்குப் போடும் பொறுப்பை எங்களைப் போன்றவர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.